சி.ஆர்.எம். போட்டும் விற்பனை ஏறவில்லையே? பீன்யாவிலிருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வி பெங்களூர் பீன்யாவிலிருந்து வந்திருக்கிறது, படிக்கிறேன். "அண்ணா, நாங்கள் பேக்கிங் மெஷின் விற்கிறோம். சேல்ஸில் நான்கு பேர். ஆறு மாதம் முன்னால், வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கிற சி.ஆர்.எம். சாஃப்ட்வேர் போட்டோம். பசங்க யாரும் அதில் எதையும் ஏற்றுவதில்லை, விற்பனையும் அப்படியேதான் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம் தம்பி. அதை நடத்துகிற விதத்தை மாற்றுங்கள். சாஃப்ட்வேர் போய் மெஷினை விற்றுத் தராது. அடுத்து யாரை, என்றைக்குக் கூப்பிட வேண்டும் என்பதை மறக்க விடாது. விற்பனை கூடுவது அங்கேதான்.

நான் எஸ்.பி. ரோட்டில் யு.பி.எஸ். விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஜெயநகரில் ஒரு கிளினிக்குக்கு கொட்டேஷன் கொடுத்தேன். யுகாதி முடிந்து கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். டைரியில் அந்தப் பக்கத்து ஓரத்தில் எழுதி வைத்தேன். பக்கம் புரண்டது, யுகாதியும் போனது. ஜூனில் அந்த வழியாகப் போனபோது உள்ளே நுழைந்தேன். மேஜைக்குக் கீழே வேறொரு கடையின் ஸ்டிக்கரோடு புது யு.பி.எஸ்., பக்கத்தில் பாட்டரி. "நீவு ஃபோனே மாட்லில்ல சார்" என்றார் டாக்டர், நீங்கள் ஃபோனே பண்ணவில்லையே என்று. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆர்டர் விலையால் போகவில்லை, நான் செய்யாமல் விட்ட ஒரு ஃபோனால் போனது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் என்கொயரி படிவத்தைத் திறந்து எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ணுங்கள். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேட் முன்னால் வெயிலில் நிற்கிற பையன் இருபது கட்டத்தை நிரப்பமாட்டான். பெயர், நம்பர், எந்த மெஷின், சொன்ன விலை, அடுத்துக் கூப்பிட வேண்டிய தேதி, இவ்வளவு போதும். தேதியைக் கட்டாயமாக்குங்கள், அது இல்லாமல் சேவ் ஆகக்கூடாது. பெங்களூருக்கு மட்டும் இன்னொரு கட்டம் சேர்ப்பேன்: எந்த மொழியில் பேசுவார். கன்னடத்தில் பேசுகிறவருக்குக் கன்னடம் சரளமாக வருகிற பையன் கூப்பிட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

பசங்க ஏற்றாததற்கு இன்னொரு காரணம் பயம். நம்பரையெல்லாம் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை அனுப்பிவிடுவார்களோ என்று நினைப்பார்கள். என்கொயரி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் இன்சென்டிவ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதை அப்படியே கொடுக்கவும் செய்யுங்கள். அப்புறம் அந்த என்ட்ரிதான் அவர்களுக்குச் சாட்சி. நீங்களும் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஸ்கிரீனைத் திறந்து வைத்துத்தான் கேட்க வேண்டும். முதலாளி சாயங்காலம் வாட்ஸ்அப்பில் "என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பசங்களும் வாட்ஸ்அப்பில்தான் பதில் போடுவார்கள்.

இண்டியாமார்ட் என்கிற ஆன்லைன் வியாபாரத் தளத்தில் வருகிற என்கொயரியை நேராக சி.ஆர்.எம்.முக்குள் இறங்கும்படி இணைக்கலாம். அதே என்கொயரி இன்னும் பல விற்பனையாளர்களுக்கும் போகலாம் என்பதால் அன்றைக்கே கூப்பிட்டாக வேண்டும். கைவிட்டுப் போன ஆர்டர்களையும் அழிக்காதீர்கள். விலையா, டெலிவரி தேதியா, சர்வீஸா, ஏன் போனது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால் எங்கே சறுக்குகிறீர்கள் என்று தெரியும்.

உங்கள் தொழிலுக்கென்றே ஒன்று சொல்கிறேன். வாங்குகிறவர், வாங்கிய நிதியாண்டில் மெஷினை 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் வருமான வரியில் அந்த வருடத் தேய்மானக் கழிவு பாதிதான் கிடைக்கும். அதாவது அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் மெஷின் ஓட ஆரம்பித்தால் அவருக்கு லாபம். ஆயுத பூஜையும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான் வரும். "பிறகு பார்க்கலாம்" என்று சொன்னவர்களையெல்லாம் வடிகட்டி எடுத்து, ஜூலைக் கடைசியில் கூப்பிட வேண்டும் என்று இன்றைக்கே தேதி போட்டு வையுங்கள். மெஷின் செய்து, கொண்டுபோய் நிறுத்த உங்களுக்கும் நாள் வேண்டுமே.

சந்தாப் பணம்தான் பாரமென்றால், ஜோஹோ சி.ஆர்.எம்.மில் 3 பேர் வரைக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது. நீங்களும் நன்றாக ஒத்துழைக்கிற இரண்டு பையன்களும் அதில் தொடங்கலாம். மாறுவதற்கு முன்னால் இப்போதைய சாஃப்ட்வேரில் இருக்கிற விவரம் முழுவதையும் எக்செல்லில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.