சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சாவு

வணக்கம் நேயர்களே.

ஒரு நாவல். கதையின் உயிராக இருக்கும் பெண், எட்டுப் பிள்ளைகளின் தாய், நடுவழியில் இறந்துபோகிறாள். அந்தச் சாவு ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறது, அதுவும் சதுர அடைப்புக்குறிக்குள். 1927இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' (கலங்கரை விளக்கத்துக்கு) அது. முதல் தடவை படித்தபோது அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டு பக்கம் கழித்துத்தான் திடுக்கிட்டுத் திரும்பி வந்தேன்.

முதல் பாகமே புத்தகத்தில் பாதிக்கு மேல். அதில் கழிவதோ ஒரு பிற்பகலும் இரவும்தான். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு கோடைக்கால வீடு. கலங்கரை விளக்கக் காவலாளியின் மகனுக்காகத் திருமதி ராம்சே காலுறை பின்னுகிறாள். தன் ஆறு வயது மகன் ஜேம்ஸின் காலில் வைத்து அளக்கிறாள். ஆடாமல் நில்லடா என்கிறாள். ஒரு நிமிட வேலை. அதற்குள் அவள் மனம் நைந்துபோன நாற்காலிகளுக்கும் சாத்தாமல் விட்ட கதவுகளுக்கும் போகிறது. வீட்டில் வேலைசெய்யும் சுவிஸ் பெண்ணையும், ஊரில் தொண்டைப் புற்றுநோயில் கிடக்கும் அவள் தகப்பனையும் நினைக்கிறது. அப்புறம் மறுபடி காலுறை. நீளம் போதவில்லை. நனவோடை என்று பெரிய பெயர் சொல்கிறோம். கை ஒரு வேலையில் இருக்க மனம் வேறெங்கோ இருப்பது நமக்கெல்லாம் பழக்கம்தானே?

இரண்டாம் பாகத்தில் சுமார் 20 பக்கங்களில் 10 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முதல் உலகப் போர் வந்து போகிறது. வீட்டில் ஆளில்லை. காற்று நுழைகிறது, தொங்கும் சால்வையின் ஒரு மடிப்பு அவிழ்கிறது, புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கிறது. இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக இடம் உண்டு. மனிதர்களின் சாவு மட்டும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. மகள் ப்ரூ பிரசவத்தை ஒட்டி இறக்கிறாள். பிரான்சில் குண்டு வெடித்து இருபது முப்பது இளைஞர்கள் சிதறுகிறார்கள், அவர்களில் மகன் ஆண்ட்ரூவும் ஒருவன்.

ஈரமில்லாத எழுத்து என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. வர்ஜினியா தன் தாயை இழந்தது 1895இல், 13 வயதில். அந்தத் தாயின் சாயல்தான் திருமதி ராம்சே. போர்க்காலத்தில் வீடுகளுக்குச் சாவு வந்த விதமும் இப்படித்தான்: வாசலில் ஒரு தாள், அதில் நாலு வரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வர்ஜினியாவும், யாழ்ப்பாணத்தில் சில காலம் அரசு அதிகாரியாக இருந்த கணவர் லெனர்டும், 1917இல் ஒரு சின்னக் கைஅச்சு இயந்திரம் வாங்கி வீட்டிலேயே ஹோகார்த் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். கவிஞர் டி. எஸ். எலியட்டின் நெடுங்கவிதை 'தி வேஸ்ட் லேண்ட்' 1923இல் அங்கே வந்தபோது அச்சுக் கோத்தது வர்ஜினியாவின் கைகள். ஈயத்தில் வார்த்த ஒரு அடைப்புக்குறியை விரலால் எடுத்து வைத்தவருக்கு அதன் கனம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, அடைப்புக்குறிக்கு ஓசை கிடையாதே, வானொலியில் அதை எப்படி வாசிப்பது? வீட்டில் பலமுறை உரக்க வாசித்துப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினால் ஒப்பாரி ஆகிவிடுகிறது. வேகமாகச் சொன்னால் செய்தி அறிக்கை. கடைசியில், முன்னும் பின்னும் ஒரு மூச்சு நிறுத்தி, நடுவில் சாதாரணக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்தேன். என் தமிழில் அந்த வரி:

[இருள் பிரியாத ஒரு காலையில் நடைவழியில் தடுமாறி வந்த திரு. ராம்சே கைகளை நீட்டினார். முந்தின இரவு திருமதி ராம்சே சற்றுத் திடீரென்று இறந்துபோயிருந்ததால், நீட்டிய கைகள் வெறுமையாகவே இருந்தன.]