மகளுக்குக் கொடுக்கலாம், மகளுக்காகத் தொடங்கிய அறக்கட்டளைக்குக் கொடுக்க முடியாது! போலந்தின் விவசாய நிலச் சட்டம்

வணக்கம். போலந்தில் ஒருவருக்கு 40 ஹெக்டேர் கோதுமை நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மகளுக்கு எழுதிவைக்க அவர் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அண்ணன் மகனுக்கும் கொடுக்கலாம். அத்தைக்கும் மாமாவுக்கும் கொடுக்கலாம். மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதே மகளின் நலனுக்காக அவரே ஒரு குடும்ப அறக்கட்டளை தொடங்கி, நிலத்தை அதன் பெயருக்கு மாற்ற நினைத்தால், அரசின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் பத்திரம் எழுதினால் அது செல்லாது.

ஏன் இப்படி என்பதுதான் இன்றைய வீடியோ. சேனலுக்குப் புதியவர் என்றால் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

(திரையில்: 22 மே 2023)

முன்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போலந்தில் குடும்ப அறக்கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது இந்த நாளில்தான். குடும்பத் தொழிலும் சொத்தும் வாரிசுகளிடம் துண்டுதுண்டாகச் சிதறாமல் காப்பது நோக்கம். தர்ம காரியம் கட்டாயமில்லை. தொடக்க நிதி குறைந்தது 1,00,000 ஸ்லோட்டி, அதாவது போலந்தின் நாணயத்தில் ஒரு லட்சம். நோட்டரி முன்னிலையிலோ உயில் மூலமோ தொடங்கலாம். நாட்டில் எங்கே தொடங்கினாலும் பதிவு ஒரே நீதிமன்றத்தில்தான். அது இருக்கும் ஊர் பியோட்ர்கூவ் திரிபுனால்ஸ்கி. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

இந்தப் புதுச் சட்டம் வந்தபோது, விவசாய நிலச் சட்டம் ஏற்கெனவே இருபது வயது இளைஞனாக வாசலில் நின்றுகொண்டிருந்தது. அது 2003-இல் இயற்றப்பட்டது. ஆனால் அதற்குப் பல் முளைத்தது 2016-இல். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போலந்து 2004 மே 1-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்குவதற்கு 12 ஆண்டுகள் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. அந்தக் கெடு முடியும் நாள் 2016 மே 1. கடுமையாக்கப்பட்ட புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஏப்ரல் 30. ஆம், ஒரே ஒரு நாள் முன்னதாக! பழைய பூட்டு திறக்கும் முன்பே புதுப் பூட்டு தொங்கிவிட்டது. புதுப் பூட்டில் வெளிநாட்டவர், உள்நாட்டவர் என்ற பேதம் இல்லை. நிலம் வாங்குபவர் விவசாயியா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

(திரையில்: யார் விவசாயி?)

சட்டத்தின் மொழியில் அவர் 'தனிநபர் விவசாயி'. விவசாயத் தகுதி இருக்க வேண்டும். மொத்த நிலம் 300 ஹெக்டேரைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சுமார் 741 ஏக்கர். பண்ணை நிலம் ஏதேனும் ஒன்று இருக்கும் உள்ளாட்சிப் பகுதியில் குறைந்தது 5 ஆண்டுகளாகக் குடியிருக்க வேண்டும். அந்த 5 ஆண்டுகளும் பண்ணையைத் தானே நடத்தியிருக்க வேண்டும்.

இப்போது ஓர் அறக்கட்டளையை இந்தத் தேர்வுக்கு உட்காரவையுங்கள். அது ஒரு சட்ட நபர், காகிதத்தில் பிறந்தது. எந்தக் கிராமத்தில் போய்க் குடியிருக்கும்? எந்த டிராக்டரை ஓட்டும்? வேளாண் பள்ளியில் யார் அதற்கு இடம் கொடுப்பார்கள்? முதல் கேள்வியிலேயே தோல்வி. சரி, அனுமதி இல்லாமலே நிலம் பெறக்கூடிய நெருங்கிய உறவினர் பட்டியல் வழியாக நுழையலாமா என்றால், அதில் பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார், அவர்களின் பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தார், துணைவர், தத்துப்பிள்ளை எல்லாரும் இருக்கிறார்கள். குடும்ப அறக்கட்டளை இல்லை. பெயரிலேயே குடும்பத்தை வைத்திருக்கும் ஒன்றை நிலச் சட்டம் மூன்றாம் மனிதனாகத்தான் பார்க்கிறது. என்னைக் கேட்டால், சட்டம் எழுதியவர்கள் அடுத்த அறையில் இருக்கும் இன்னொரு சட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை.

அப்படியானால் வாங்கவே முடியாதா? முடியும். 1 ஹெக்டேரோ அதற்கு மேலோ என்றால் தேசிய வேளாண் ஆதரவு மையத்தின் தலைமை இயக்குநர் அனுமதிக்க வேண்டும். நிலத்தை விற்பவர், முதலில் இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் விளம்பரம் கொடுத்து, விவசாயி எவரும் வாங்க வரவில்லை என்று காட்ட வேண்டும். வாங்கும் அறக்கட்டளை, விவசாயம் செய்வேன் என்று உறுதி தர வேண்டும். நிலம் ஒரே கையில் அளவுக்கு மீறிக் குவியவும் கூடாது. கிடைக்கும் அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும்.

வாங்கிய பிறகு பொதுவிதி: 5 ஆண்டுகள் பண்ணையை நடத்த வேண்டும், விற்கக் கூடாது, பிறர் கையில் கொடுக்கவும் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அறக்கட்டளைச் சட்டம் அனுமதிக்கும் தொழில்களின் பட்டியலில் குத்தகைக்கு விடுவதும் இருக்கிறது. ஒரு சட்டம் 'குத்தகைக்கு விடு' என்கிறது, இன்னொன்று 'ஐந்து வருடம் பொறு' என்கிறது. பட்டியலுக்கு வெளியே தொழில் செய்தால் அந்த வருமானத்துக்கு 25 சதவீத வரி என்பதையும் மறக்க வேண்டாம்.

'நிலத்தை ஒரு கம்பெனி பெயரில் வைத்து, கம்பெனியின் பங்குகளை அறக்கட்டளைக்கு மாற்றினால்?' என்று யாராவது கருத்துப் பகுதியில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தப் பின்வாசலிலும் ஆள் நிற்கிறது: கம்பெனியிடம் 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ விவசாய நிலம் இருந்தால், அந்தப் பங்குகளைத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை அதே மையத்துக்கு உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு விலக்கு இருக்கிறது. ஒரு கோதுமை வயலுக்காகப் பங்குச் சந்தைக்குப் போகிறவர் இருந்தால் அவரைப் பேட்டி எடுக்க நான் தயார்.

மிச்சம் இருப்பது சின்ன நிலம். 1 ஹெக்டேருக்குக் கீழே அனுமதி தேவையில்லை. ஆனால் விற்பனையில் முந்தி வாங்கும் உரிமையை மையம் கையில் வைத்திருக்கிறது. 0.3 ஹெக்டேருக்குக் கீழே போனால் இந்தச் சட்டமே பொருந்தாது. அதாவது சுமார் 74 சென்ட். அதை வாங்குவதற்காக ஒரு லட்சம் ஸ்லோட்டி போட்டு, திரிபுனால்ஸ்கி வரை போய்ப் பதிவு செய்ய உங்களுக்கு மனம் வருமா? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.