மாலை நாரும் பின்னலும்

புதுச்சேரி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த நாள் என்றால் விடியுமுன்னே திருவந்திபுரம் போய்விடுவேன். தேவநாத சுவாமி கோயிலில் ஒரே காலையில் எத்தனையோ கல்யாணங்கள் நடக்கும். அங்கே எடுக்கும் எந்தப் படத்திலும் மணமக்கள் தனியாக இருப்பதில்லை. தலைப்பைச் சரிசெய்யும் அத்தை, மாலை எடுத்துக் கொடுக்கும் மாமா என்று யாராவது ஒருவரின் கை ஓரத்தில் வந்துவிடும். நான் அதை வெட்டுவதில்லை.

போன ஆண்டு இரண்டு பெண்கள் பட்டுப்புடவையில் வந்தார்கள். அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். "கல்யாணப் படம் எடுக்கணும், அண்ணா" என்றார் ஒருவர். முதலில் போன இடத்தில் விளம்பரத்துக்கா என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னதும் நேரமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

பழக்கதோஷத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கணவர் உட்கார, மனைவி பக்கத்தில் நிற்க, அப்படி எடுத்தே பழகிய கை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டேன். மாலை மாற்றும்போது ஒருவரின் பின்னலில் நார் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட அத்தை இல்லை. மற்றவரே பின்னால் போய், நாரைப் பல்லால் கடித்து, ஒரு முடிகூட அறாமல் விடுவித்தார். அந்தப் படத்தைப் போல இன்னொன்றை நான் எடுத்ததில்லை.

சட்டப்படி அது திருமணம் இல்லை. தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 17-இல் அதே நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. உங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிரான்சில் 2013 முதல் தன்பாலினத்தவர் மணந்துகொள்ளலாம். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய சான்றிதழ் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது.

மற்றவர்கள் என் படத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ச் சான்றிதழ் வாங்குகிறார்கள். இவர்களிடம் இருப்பது படம் மட்டும்தான். அதனால்தான் 1957-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்தது எனக்கு ஆறவே இல்லை. இரண்டு ஆண்களின் கல்யாணப் படச்சுருள் ஒரு கடைக்குக் கழுவ வந்தது. தகாத படங்கள் என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அவை வெளிவந்து, இன்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேக் வெட்டுகிறார்கள், ஆடுகிறார்கள், முகமெல்லாம் சிரிப்பு. கொடுத்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லையே! என் தொழிலைச் செய்த ஒருவர் செய்த காரியம் அது.

தொழில் நண்பர்களே, இப்படிப் படம் எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. தயங்காமல் எடுங்கள். ஆனால் அவர்களாகச் சொல்லும்வரை கடைக் கண்ணாடியில் மாட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். நம் ஊரில் காலையில் மாட்டிய படம் மாலைக்குள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.

அந்தப் பெண்கள் பிரேம் போட்ட படத்தை வாங்க வந்தபோது வீட்டு உரிமையாளரைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். வாடகை வாங்க வந்தால் கூடத்தில் உட்காருவாராம். அதனால் உள்ளறைச் சுவரை அளந்து, 12-க்கு 18 என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதே அளவில் போட்டுக் கொடுத்தேன்.