கழிச்சல் இல்லாத பிள்ளை ஏன் வளரவில்லை?

வணக்கம். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில், ஆராய்ச்சிக்காகப் பிள்ளைகளின் எடையும் நீளமும் எடுக்கிற வேலை எனக்கு. நம் டெல்டாவில் நெல்லின் வளர்த்தியைப் பற்றி வானொலியில் எத்தனையோ பேர் பேசியாயிற்று, பிள்ளையின் வளர்த்தியைப் பற்றியும் ஒருநாள் பேசலாமே என்று வந்தேன்.

இரண்டு வயது வரை பிள்ளையைப் பலகையில் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையை மேல்பக்கத்துக் கட்டையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அமுக்கிக்கொண்டு கீழ்க்கட்டையைப் பாதம் வரை தள்ள வேண்டும். அதற்குள் பிள்ளை வீறிட்டு உதைக்கும், அரை சென்டிமீட்டர் தப்பினால் கணக்கு போச்சு, மறுபடி முதலிலிருந்து. மன்னார்குடிப் பக்கத்து அப்பாயி ஒருவர், "படுக்கப் போட்டு அளக்கிறது நல்லதுக்கில்லம்மா" என்று என் கையைத் தட்டியே விட்டார்.

பேரனுக்கு 11 மாதம். காய்ச்சல் கிடையாது, கழிச்சல் கிடையாது, பருப்புச் சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறான். பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருக்கிற பிள்ளை ஒரு வயதில் 75 பக்கம் வர வேண்டும், இவன் 68-இல் நிற்கிறான். சீர் தட்டியிருக்கும் என்றார் அப்பாயி, தாய்ப்பால் போதவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தில். எப்படியும் பழி மருமகள் தலையில்தான்.

2009-இல் தொடங்கி, எட்டு நாடுகளில், நம் நாட்டில் வேலூரில், ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை கூடவே இருந்து பார்த்தார்கள். கழிச்சல் வந்தபோது மட்டுமல்ல, வயிறு நன்றாக இருந்த மாதங்களிலும் மலத்தை எடுத்துச் சோதித்தார்கள். அதில்தான் விஷயம் வெளிப்பட்டது. நன்றாக இருந்த பிள்ளைகளிடமும் ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருந்தன, அப்படிப்பட்ட பிள்ளைகள் நீளத்தில் பின்தங்கினார்கள். குடலின் உட்சுவர் புண்பட்டு, தின்றது உடம்பில் ஒட்டாமல் போகிறது என்கிறார்கள்.

நோயோடு படுத்திருக்கிற பிள்ளையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அதனால் தடுப்பூசி வரிசையில் நிற்கிற நல்ல பிள்ளைகளையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ப்போம். "நல்லாத்தானே இருக்கான், இவன் பீ உங்களுக்கு எதுக்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான்!

சரி, ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால்? தான்சானியாவில் அசித்ரோமைசின் கொடுத்தும் பார்த்தார்கள், வளர்த்தி கூடவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை, மருந்து குடித்த பிள்ளை மறுநாளும் அதே தரையில்தானே தவழ்கிறது?

அப்பாயி வீட்டுக்கு ஒருநாள் போனேன். கேம்பைலோபேக்டர் கோழிக் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கிற கிருமி. தாழ்வாரத்தில் பஞ்சாரம், சுற்றிலும் எச்சம், நடுவில் பேரன் தவழ்ந்து வந்து விரலை வாயில் வைத்தான். அப்பாயி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அளந்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. பஞ்சாரம் நகர்ந்ததாலா, இடையில் முட்டை கொடுக்க ஆரம்பித்ததாலா, ஒரே ஒரு பிள்ளையை வைத்து எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ஊசி வரிசையில் உங்களையும் கூப்பிடுகிறோம்.