கோடரியும் புத்தகப் பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். ஜூன் 5ஆம் தேதி புனித போனிஃபாஸின் திருநாள். ஜெர்மனியின் திருத்தூதர் என்று அவரைச் சொல்வார்கள். படங்களில் சில சமயம் கோடரியோடு நிற்பார், சில சமயம் வாள் துளைத்த புத்தகத்தோடு. எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல்தான் ஈடுபாடு.

கோடரிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஜெர்மனியின் ஹெஸ்ஸெ பகுதியில் கைஸ்மார் என்று ஓர் ஊர். அங்கே இடிதேவனுக்கு உரியதென்று மக்கள் வணங்கிவந்த ஓக் மரத்தை 723வாக்கில் இவர் வெட்டிச் சாய்த்தார். அந்தக் கட்டையைக் கொண்டே பேதுருவின் பெயரில் ஒரு சிற்றாலயம் கட்டினார். துணிச்சல்தான். ஆனால் அங்கே அப்போது ஆதிக்கம் செலுத்திய பிராங்கியர் என்ற இனத்தின் தலைவர் சார்ல்ஸ் மார்ட்டலின் ஆதரவும் இவருக்கு இருந்தது. அந்த ஆதரவு இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று, வின்செஸ்டர் ஆயர் டேனியலுக்கு எழுதிய கடிதத்தில் இவரே ஒளிக்காமல் சொல்கிறார்.

அடிப்படையில் இவர் ஒரு வாத்தியார். தென்மேற்கு இங்கிலாந்தில் 675வாக்கில் பிறந்தவர், இயற்பெயர் வின்ஃப்ரித். சிறுவயதிலேயே எக்ஸெட்டர் மடத்தில் சேர்ந்தார். பிறகு நர்ஸ்லிங் மடத்தில் பாடம் நடத்தினார், லத்தீன் இலக்கண நூலும் எழுதினார். அந்த மடத்தின் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்று விட்டு, 718இல் கடல் தாண்டினார். அதன்பின் ஊர் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு ரோமில் திருத்தந்தை இரண்டாம் கிரகோரி போனிஃபாஸ் என்று பெயர் கொடுத்தார். 732இல் பேராயரானார்.

பேராயரான பிறகும் அவருக்குள் இருந்த இலக்கண வாத்தியார் போகவில்லை. பவேரியாவில் ஒரு குரு லத்தீன் சரியாகத் தெரியாமல், தந்தை, மகன் என்பதற்குப் பதில் தாய்நாடு, மகள் என்று பொருள்படும்படி சொல்லித் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார். மறுபடி கொடுக்கவேண்டும் என்றார் போனிஃபாஸ். வாய் தவறியதற்காகத் திருமுழுக்கு செல்லாமல் போகாது என்று திருத்தந்தை சக்கரியா மறுத்துவிட்டார். நியாயம் திருத்தந்தை பக்கம்தான் என்பேன்.

அவருடைய கடிதங்கள் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் புத்தகம்தான் பேச்சு. எட்பர்கா என்ற மடத்துத் தலைவிக்கு எழுதுகிறார்: பேதுருவின் திருமுகங்களைப் பொன் எழுத்தில் எழுதி அனுப்புங்கள், பிரசங்கத்தின்போது மக்கள் கண்ணால் பார்த்தாவது வேதத்தை மதிக்கட்டும். அதற்கான பொருளையும் கூடவே கொடுத்தனுப்புகிறார். வயதான காலத்தில் ஆயர் டேனியலிடம் இன்னொரு வேண்டுகோள். தன் பழைய ஆசிரியர் வின்பெர்ட் விட்டுச்சென்ற இறைவாக்கினர் நூல் வேண்டும், அது தெளிவான, தனித்தனி எழுத்தில் இருக்கிறது, எனக்குப் பார்வை மங்குகிறது, பொடி எழுத்து படிக்க முடியவில்லை என்கிறார். டேனியலுக்கோ அப்போது பார்வையே போய்விட்டிருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லி, கால் துடைக்க ஒரு துணியும் சேர்த்து அனுப்பினார்.

எண்பதை நெருங்கும் வயதில், 716இல் முதன்முதலாகப் போய்ப் பலிக்காமல் திரும்பிய ஃபிரிசியாவுக்கே, இன்றைய வட நெதர்லாந்துக்கு, கிளம்பினார். சீடர் லூலிடம், புத்தகப் பெட்டியில் என் உடலைச் சுற்ற ஒரு துணியையும் வை என்றாராம். 754 ஜூன் 5, டாக்கம் அருகே கூடாரம். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், அதை உறுதிசெய்யும் சடங்கான உறுதிப்பூசுதலுக்கு வரும் நாள். வந்ததோ ஆயுதக் கூட்டம். உடனிருந்தவர்களைச் சண்டை போடவேண்டாமென்று தடுத்தார். அவரையும் ஐம்பதுக்கு மேற்பட்ட தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். கொள்ளையர் படகுகளிலிருந்த மதுவைக் குடித்து, பங்குக்காகத் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். மிஞ்சியவர்கள் பொன் இருக்குமென்று பெட்டிகளை உடைத்தால் உள்ளே புத்தகங்கள். வயலிலும் சதுப்பிலும் வீசிவிட்டுப் போனார்கள்.

ஆழமான வெட்டுகள் விழுந்த ஒரு கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் இன்றும் இருக்கிறது. வாள் வெட்டைத் தடுக்கத் தலைக்கு மேல் அவர் தூக்கிப் பிடித்தது இதுதான் என்பது மரபு. ஆனால் அவர் பிடித்தது நற்செய்தி நூல் என்கிறது பழைய வரலாறு, இது நற்செய்தி நூல் அல்ல. அதனால் நான் சத்தியம் செய்யமாட்டேன்.

உடல் ஃபுல்டா மடத்துக்கு வந்தது. தன் உறவினரான துறவி லியோபாவையும் தன் கல்லறையிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். சில பத்தாண்டுகள் கழித்து அந்த அம்மையார் இறந்தபோது, புனிதரின் கல்லறையைத் திறக்கத் துறவிகளுக்குப் பயம். அதே கோவிலில் வேறோர் இடத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள்.