கண் மங்குகிறதா? கண்ணாடிக்கு முன்னால் சுகரைப் பாருங்கள்

[காட்சி: பாம்பன் கரை, காலை வெயில். வலையின் கிழிசலைத் தைக்கும் கைகள். ஊசி கண்ணி தவறிப் போகிறது. மறுபடி முயன்றும் தவறுகிறது.]

வணக்கம். கண் மங்குகிறது என்று யாராவது சொன்னால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கரையில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "வயசு நாற்பதாச்சுல்ல, வெள்ளெழுத்தா இருக்கும், ஒரு கண்ணாடி வாங்கிப் போடு." பல பேருக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிலருக்கு அந்த மங்கல் டைப் 2 சர்க்கரை நோய் கொடுக்கும் முதல் சாடையாக இருக்கலாம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மறந்துவிட்டால் உள்ளே சுகர் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளலாம். வெள்ளெழுத்து மெதுவாக, வருடக்கணக்கில் வருவது. கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் தெரியும். சுகரால் வரும் மங்கல் சில நாட்களில், சில வாரங்களிலேயே வந்துவிடும், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். நேற்று தெளிவாகத் தெரிந்தது இன்று கலங்கும், நாளைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று இருக்கும். தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை பக்கத்தில் வரும் வரை தெரியாது, ராத்திரி கடலில் அடுத்த படகின் விளக்கு கரைந்து கரைந்து தெரியும்.

[காட்சி: கண்ணின் படம். நடுவில் லென்ஸ் மெல்ல உப்புகிறது.]

ஏன் இப்படி? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதைச் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும், லென்ஸுக்குள்ளும் போகும், அதற்கு இன்சுலின்கூடத் தேவையில்லை. உள்ளே போன சர்க்கரையில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறிவிடுகிறது, அது லேசில் வெளியே வராது. கருவாடு போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம், உப்பு எந்தப் பக்கம் அதிகமோ தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகும், அதே வேலையைத்தான் இந்தச் சார்பிட்டாலும் செய்கிறது. லென்ஸ் தண்ணீரை இழுத்து உப்புகிறது, அதன் வளைவு மாறுகிறது, பார்வையின் பவரும் மாறிப்போகிறது.

இதில் ஏமாற்றிவிடக்கூடிய ஒரு விஷயம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். பல வருடமாகக் கண்ணாடி போட்டுப் படித்தவர் ஒருவருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிகிறது. "கண்ணு தெளிஞ்சிருச்சு" என்று சந்தோஷப்படுவார். உண்மையில் சுகர் ஏறி லென்ஸ் உப்பியதால் பார்வை கிட்டப்பார்வைப் பக்கம் நகர்ந்திருக்கலாம், அதே ஆளுக்குத் தூரத்தில் இருப்பது கலங்கும். எல்லாருக்கும் இதே திசையில் மாறும் என்றில்லை, சிலருக்கு நேர் எதிராகவும் போகும். எந்தப் பக்கம் போனாலும் சரி, திடுதிப்பென்று பவர் மாறினால் சுகர் பார்க்க வேண்டும்.

[காட்சி: மண்டபம் கரையில் வெயிலில் நிற்கும் படகுகள். தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் குடிக்கும் ஒருவர்.]

நம் ஊரில் இது தப்பிப்போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு மிகவும் கவலையாக இருப்பதே அதுதான். சர்க்கரை நோயின் ஒவ்வொரு அடையாளத்துக்கும் நம்மிடம் கடற்கரைப் பதில் ஒன்று தயாராக இருக்கும். அடிக்கடி தாகம் எடுத்தால் வெயில். உடம்பு அசந்து கிடந்தால் ராத்திரி முழுக்க வலை இழுத்தது. உடம்பு இளைத்தால் சரியான சாப்பாடு இல்லை. பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்குப் பாறையில் காலைக் கிழித்துக்கொள்வது வாடிக்கை, அந்தப் புண் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தால் "உப்புத்தண்ணி பட்டுக்கிட்டே இருக்கு, எப்படி ஆறும்?" என்பார்கள். கழுத்துப் பின்பக்கம் கறுத்து வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் வெயிலும் வேர்வையும். கண் மங்கினால் உப்புக்காற்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், முக்கியமாக ராத்திரி பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதும் கூடச் சேர்ந்தால், அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றுமே தெரியாமலும் சுகர் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது சுமார் ஏழு பேருக்கு ஒருவர். அதனால் முப்பது வயது தாண்டியவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

[காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம்.]

விரலில் குத்திப் பார்ப்பது முதல் படி. உறுதி செய்ய ரத்தக்குழாயிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய். இப்படி அடையாளங்களும் இருந்து, எந்த நேரத்தில் பார்த்தாலும் 200-ஐத் தொட்டால் அதுவும் சர்க்கரை நோய்தான். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு, கடலிலிருந்து கரை ஏறியதும் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கணக்குத் தப்பிவிடும். அப்புறம் இந்தக் கருப்பட்டி விஷயம். பனங்காட்டு மண்ணில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான், கருப்பட்டிக் காப்பிக்கு மாறினால் சுகர் ஏறாது என்பது நிஜமில்லை.

சுகர் இருப்பது தெரிந்து மாத்திரை தொடங்கியாயிற்று. இங்கேதான் பல பேர் வழி தவறுகிறார்கள். சர்க்கரை இறங்கும்போது லென்ஸிலிருந்து தண்ணீர் திரும்ப வெளியேறும், பவர் மறுபடி மாறும், அதனால் மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் மங்கல் கூடுதலாகவே தெரியலாம். "நல்லா இருந்த கண்ணு, இந்த மாத்திரையைப் போட்டுத்தான் போச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மங்கலைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையைத் தொடருங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக நிலைக்கு வந்துவிடும். புதுக் கண்ணாடியையும் அதுவரை வாங்க வேண்டாம். சுகர் கட்டுப்பட்டு ஆறு முதல் எட்டு வாரம் போன பிறகு பவர் பாருங்கள், இல்லாவிட்டால் இன்று போட்ட கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது, ஒரு நாள் மீன்பாட்டுக்குச் சமமான காசு வீணாகிவிடும்.

[காட்சி: விழித்திரையின் படம். மெல்லிய ரத்தக்குழாய்களில் சிறு சிவப்புப் புள்ளிகள்.]

பார்வை தெளிந்தவுடன் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு நேரம் பேசியது லென்ஸைப் பற்றி, அது சரியாகிவிடும். பின்னால் இருக்கும் விழித்திரை வேறு. பல வருடம் ஏறிக்கிடக்கும் சர்க்கரை அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும், அவை கசியும், முற்றினால் ரத்தம் கசிந்து பார்வையே போகலாம். ஆரம்பத்தில் வலி இல்லை, மங்கல் இல்லை. டைப் 2 பல வருடம் தெரியாமலே இருந்திருக்கக்கூடும் என்பதால் சுகர் கண்டுபிடித்த உடனேயே விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார்கள், பிறகு வருடம் ஒருமுறை. நேரத்தோடு பிடித்தால் லேசரும் ஊசியும் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடும்.

ஒரு கண் மட்டும் திடீரென்று மங்கினாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, மின்னல் அடித்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மங்கலோடு வாந்தி, வேக மூச்சு, மயக்கம் என்று வந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

விழித்திரை பார்க்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், கருமணி விரிந்துவிடும், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டு அந்தக் கண்ணோடு பாம்பன் பாலத்தில் ஏறாதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், கூலிங் கிளாஸ் ஒன்று பையில் இருக்கட்டும், சுகர் ரிப்போர்ட்டையும் பழைய கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.