திரை அடங்கட்டும், பதிவேடு பேசட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடுபவர்களுக்கு லேம்ப்ஸ் பழக்கமான பெயர். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இலவச மென்பொருள். இதைப் பைத்தான் என்ற நிரல்மொழியிலிருந்தும் இயக்கலாம். ஒரு தடவை ஓட்டினால் தொந்தரவு தெரியாது. வெப்பநிலையை 300 கெல்வினிலிருந்து படிப்படியாக ஏற்றி இருநூறு தடவை ஓட்டிப் பாருங்கள். பதிப்பு, ஆற்றல், அழுத்தம், எடுத்துக்கொண்ட நேரம் என்று வரிவரியாகத் திரையில் கொட்டும். நமக்கு வேண்டிய ஒற்றை எண் அதற்குள் எங்கோ கிடக்கும்.

இதை அடக்கப் பலரும் முதலில் தேடிப்போவது, பைத்தானோடு வரும் கான்டெக்ஸ்ட்லிப் நூலகத்தில் இருக்கும் ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட் என்ற கருவியை. பைத்தான் 3.4 முதல் இருக்கிறது. போட்டால் நம் பிரிண்ட் கட்டளைகள் அடங்கிவிடும், லேம்ப்ஸ் அடங்காது. ஏனென்றால் அந்தக் கருவி திசைதிருப்புவது பைத்தான் தன் கையில் வைத்திருக்கும் எஸ்டிடிஅவுட்டை, அதாவது திரைக்கு எழுதும் வழியை மட்டும். லேம்ப்ஸ் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது. திரைக்கென்று இயங்குதளம் திறந்து வைத்த 1ஆம் எண் வழியில் நேரே எழுதிவிடும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

சரி, அந்த 1ஆம் எண்ணையே டப்2 என்ற இயங்குதள அழைப்பால், எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிடலாமே? செய்யலாம். ஆனால் லேம்ப்ஸ் எழுதப் பயன்படுத்தும் சி நூலகம் எழுத்துகளைத் தன் இடையகத்தில் (பஃபர்) சேர்த்து வைத்திருந்து தாமதமாக வெளியே விடுவதுண்டு. வழியைப் பழையபடி மாற்றிய பிறகு, அடக்கியதாக நினைத்த வரிகள் வந்து நிற்கும். வழியைத் திருப்பும் முன்பும், பழையபடி மாற்றும் முன்பும் இடையகத்தைக் காலி செய்ய வேண்டும். இன்னொன்று: அந்த எண் முழுச் செயல்முறைக்கும் பொதுவானது. அதே நிரலுக்குள் கூடவே ஓடும் வேறொரு திரெட் எழுதுவதும் சேர்ந்தே காணாமல் போகும்.

இவ்வளவு பாடு தேவையில்லை. லேம்ப்ஸிலேயே அதற்கு வசதி உண்டு. பைத்தானில் லேம்ப்ஸ் பொருளை (ஆப்ஜெக்ட்) உருவாக்கும்போது, அமைப்புகளைச் சொல்லும் சிஎம்டிஆர்க்ஸ் பட்டியலில் '-ஸ்கிரீன்', 'நன்' என்று கொடுத்தால் திரை அமைதியாகிவிடும். எந்த மென்பொருளானாலும் அதன் கையேட்டில் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்தோடு பலர் '-லாக்', 'நன்' என்பதையும் சேர்த்து, லேம்ப்ஸ் கோப்பில் எழுதும் பதிவேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் லேம்ப்ஸ் பதிவேட்டில் 'டேஞ்சரஸ் பில்ட்ஸ்' என்று ஒரு வரி எழுதும். ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்து அணுக்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அணுக்கள் நகர நகர அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வரியில் பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண் வந்தால், பட்டியலைப் புதுப்பிக்கத் தாமதமாகி, சில விசைகள் கணக்கில் விடுபட்டிருக்கலாம் என்று பொருள். அதற்காக ஓட்டம் நிற்காது. விடையும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். வெப்பநிலை ஏற ஏற அணுக்கள் வேகமாக ஓடுவதால், இந்தச் சிக்கல் நாம் ஆர்வமாகப் பார்க்கும் உச்சியில்தான் தலைகாட்டும்.

ஆகவே பதிவேட்டை விட்டுவைத்து, ஒவ்வோர் ஓட்டத்தின் பதிவேட்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லாம் லாக்.லேம்ப்ஸ் என்ற ஒரே கோப்பில் போய், முந்தைய ஓட்டத்தின் பதிவு அழிந்துபோகும். அப்புறம் பைத்தானில் நாலு வரி எழுதி, 'வார்னிங்' என்ற சொல் இருக்கும் கோப்புகளையும், டேஞ்சரஸ் பில்ட்ஸ் பூஜ்யமாக இல்லாத கோப்புகளையும் மட்டும் பெயர் சொல்ல வையுங்கள். திரையில் அவை மட்டும் வந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.